இரண்டு கதவுகளுக்கு ஒரே பூட்டு

1980களின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகள் பலவற்றில் தொலைக்காட்சிக்குக் கீழே சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இடம்பெற்றிருந்தது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் செய்த வீடியோ கேம் பெட்டி அது. அதன் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. விளையாட்டு அடங்கிய நெகிழிப் பேழையை உள்ளே செலுத்திப் பொத்தானை அழுத்தினால் அவ்விளக்கு நிலையாக எரிய வேண்டும். பல வேளைகளில் அது அவ்வாறு எரியவில்லை. நொடிக்கு ஒரு முறை எரிந்தும் அணைந்தும் கண்சிமிட்டியது. திரையும் அதனோடு சேர்ந்து தோன்றித் தோன்றி மறைந்தது.

அந்தப் பேழைக்குக் கார்ட்ரிட்ஜ் என்பது பெயர். இந்தியச் சிறுவர்கள் அதைக் கேசட் என்றே அழைத்தனர். இப்பாடத்திலும் அப்பெயரே கையாளப்படுகிறது. விளக்குக் கண்சிமிட்டினால் கேசட்டை வெளியே எடுத்து, அதன் திறந்த விளிம்பில் ‘ஃபூ’ என்று ஊதி, மீண்டும் செருகுவது உலகெங்கும் சிறுவர்கள் கண்டறிந்த மருத்துவம். யாரும் கற்றுக் கொடுக்காமலே நியூயார்க்கிலும் தில்லியிலும் பிள்ளைகள் ஒரே வகையில் ஊதினார்கள் என்பது வியப்புக்குரியது. ஊதினால் தூசி போய்விடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வாயின் ஈரம் உலோக முனைகளில் படிந்து நாளடைவில் அவற்றைக் கெடுக்கும் என்பதால் ஊதவேண்டாம் என்று நிறுவனமே பின்னர் அறிவுறுத்தியது. எடுத்துச் செருகும்போது முனைகள் சரியாகப் பொருந்திவிடுவதே பெரும்பாலும் அம்மருத்துவத்தின் வெற்றிக்குக் காரணம்.

ஆனால் அமெரிக்கப் பெட்டியின் விளக்குக் கண்சிமிட்டியதற்குத் தூசி மட்டும் பொறுப்பன்று. அப்பெட்டிக்குள் ஒரு பூட்டு இருந்தது. சாவி கண்ணில் படாதபோதெல்லாம் அப்பூட்டு, பெட்டியை அணைத்து மீண்டும் தொடங்கச் செய்தது. கண்சிமிட்டல் என்பது அதுதான்.

நின்டெண்டோ 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் மலர்ப்படச் சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம். 1983ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் அது ஜப்பானில் ‘ஃபேமிகாம்’ என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெள்ளையும் சிவப்புமான அப்பெட்டியில் பூட்டு ஏதும் இல்லை. அதன் கேசட்டில் 60 உலோக முனைகள் இருந்தன. அந்த அறுபது முனைகளுக்கும் உரிய மின்னோட்டத்தை அறிந்தவர் எவரும் அதற்குக் கேசட் செய்யலாம், செய்யவும் செய்தனர்.

அதே 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வணிகம் பெருஞ்சரிவைக் கண்டது. அங்கே கோலோச்சிய அடாரி நிறுவனத்தின் பெட்டிக்கும் பூட்டு இல்லை. எவர் வேண்டுமானாலும் அதற்கு விளையாட்டுகளைச் செய்து விற்கலாம் என்ற நிலையில், தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. ஒன்றிரண்டு முறை ஏமாந்த பெற்றோர் மூன்றாம் முறை கடைப்பக்கம் செல்லவில்லை. விற்காத கேசட்டுகள் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊரில் குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. இது வெறும் கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருந்தனர். 2014ஆம் ஆண்டு அவ்விடத்தை அகழ்ந்தபோது கேசட்டுகள் வெளிப்பட்டன. கீழடியில் பானை ஓடுகளைத் தேடுவதுபோல அங்கே நெகிழிப் பேழைகளைத் தேடியிருக்கிறார்கள்.

இச்சரிவைக் கண்ட நின்டெண்டோ, 1985இல் அமெரிக்காவுக்குத் தன் பெட்டியை அனுப்பியபோது இரண்டு மாற்றங்களைச் செய்தது. பெட்டியின் தோற்றம் மாறியது; விளையாட்டுப் பொருள் என்றாலே கடைக்காரர்கள் அஞ்சிய காலம் ஆதலால், வீடியோ கேசட் கருவியைப்போல முன்பக்கம் திறக்கும் வடிவம் கொடுத்தார்கள். கேசட்டின் முனைகள் 60இலிருந்து 72 ஆயின. கூடுதல் முனைகளுள் நான்கு, புதிய பூட்டுக்கு உரியவை.

அப்பூட்டு இயங்கிய முறை எளிமையும் அழகும் உடையது. பெட்டிக்குள் ஒரு சில்லு, கேசட்டுக்குள் ஒரு சில்லு. இரண்டும் ஒரே வகைச் சில்லுகள். இரண்டிலும் ஒரே நிரல். ஒரு முனைக்கு மின்னழுத்தம் உண்டா இல்லையா என்பதைக் கொண்டு ஒன்று பூட்டாகவும் மற்றொன்று சாவியாகவும் தம்மை அறிந்துகொள்ளும். மின்சாரம் வந்தவுடன் இரண்டும் ஒரே கணக்கைத் தனித்தனியே போடத் தொடங்கும். ஒரே நெட்டுருப் பாடலை இரு மாணவர் ஒரே நேரத்தில் சொல்வதுபோல, ஒவ்வொரு படியிலும் விடைகள் ஒத்திருக்க வேண்டும். ஒரு சொல் பிறழ்ந்தாலும் பூட்டுச் சில்லு பெட்டியை மீண்டும் தொடங்கச் செய்துவிடும். விளையாட்டு முடியும்வரை இந்த ஒப்புவித்தல் நிற்பதில்லை.

முன்பக்கம் செருகும் அமைப்பில் முனைகள் விரைவில் தளர்ந்தன. பணம் கொடுத்து வாங்கிய உண்மையான கேசட்டிலும் சாவியின் குரல் பூட்டின் காதுக்கு எட்டாமல் போயிற்று. திருடனைத் தடுக்க வைத்த பூட்டு, வீட்டுக்காரனையே வாசலில் நிறுத்தி வைத்தது என்றால் தவறாகாது. 1993இல் வந்த மலிவுப் பதிப்பில் நின்டெண்டோவே அப்பூட்டை நீக்கிவிட்டது. கேசட்டை மேற்பக்கமிருந்து செருகும் அப்பெட்டியில் அந்தக் கண்சிமிட்டல் இல்லை.

பூட்டின் நோக்கம் தரத்தைக் காப்பது மட்டுமே என்று சொல்வதற்கில்லை. சாவிச் சில்லு நின்டெண்டோவிடம் மட்டுமே இருந்ததால், பிற நிறுவனங்கள் விளையாட்டை உருவாக்கினாலும் கேசட்டை அதனிடமே செய்து வாங்க வேண்டியிருந்தது. பணத்தை முன்னரே கட்டவேண்டும். ஓர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் ஒரு நிறுவனம் வெளியிடக் கூடாது. கொனாமி என்னும் ஜப்பானிய நிறுவனம் ஐந்து போதாமல் வேறொரு பெயரில் இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கிக்கொண்டது. வாயிற்காவலன் சுங்கமும் வாங்கினான் என்பதே உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். காவல் இருந்ததால் மோசமான விளையாட்டுகள் குறைந்தன என்பதும் மறுக்க முடியாதது.

இப்பூட்டைத் திறக்க எடுத்த முயற்சிகள் ஒரு தனிக்கதை. சிலர் கேசட்டிலிருந்து மின்னதிர்ச்சி ஒன்றை அனுப்பிப் பூட்டுச் சில்லை மயக்கமுறச் செய்தார்கள். சிலர் தம் கேசட்டின் முதுகில் உண்மையான கேசட் ஒன்றைச் செருகச் செய்து, அதன் சாவியை இரவல் வாங்கினார்கள். அடாரி கேம்ஸ் நிறுவனம் செய்ததோ இவற்றையெல்லாம் விஞ்சியது. பதிப்புரிமைக்காக நின்டெண்டோ அந்நிரலின் படியை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் செலுத்தியிருந்தது. வழக்குக்காக வேண்டும் என்று பொய்க்காரணம் காட்டி அந்தப் படியை அடாரியின் தரப்பினர் பெற்றார்கள். அதைப் பார்த்துத் தம் சாவிச் சில்லைச் செய்து முடித்து, அதற்கு ‘முயல்’ என்று பெயரும் இட்டார்கள். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை.

அதே ஆண்டு இன்னொரு வழக்கில் வேறுவகைத் தீர்ப்பு வந்தது. சேகா நிறுவனத்தின் புதிய பெட்டிகள், கேசட்டின் குறிப்பிட்ட இடத்தில் ‘சேகா’ என்னும் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகள் உள்ளனவா என்று பார்த்த பின்னரே விளையாட்டைத் தொடங்கின. அக்கோலேட் என்னும் சிறு நிறுவனம், கடையில் வாங்கிய கேசட்டுகளைப் பிரித்து ஆராய்ந்து இதைக் கண்டறிந்தது. அவர்கள் எந்த அலுவலகத்தையும் ஏமாற்றவில்லை. தாம் வாங்கிய பொருளைத் தாமே ஆராய்ந்தார்கள். தம் விளையாட்டு அப்பெட்டியில் இயங்குவதற்கு எது இன்றியமையாதது என்பதை அறிவதற்காக நிரலைப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடே என்று நீதிமன்றம் கூறியது. ஒரே ஆண்டில், ஏறத்தாழ ஒரே செயலுக்கு, இருவேறு முடிவுகள்! ஒருவர் வந்த வழியும் மற்றவர் வந்த வழியும் வேறு என்பதே காரணம்.

பூட்டு ஒருமுறை செய்யப்பட்டபின் அதற்குப் புதிய வேலை ஒன்றும் கிடைத்தது. அதுதான் எல்லைக்காவல். அமெரிக்காவுக்கு ஒரு சாவி, பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்கு ஒரு சாவி, ஐரோப்பாவின் பிற பகுதிகளுக்கு மற்றொரு சாவி என்று சில்லுகள் வேறுபட்டன. இலண்டனில் வாங்கிய கேசட்டை ஜெர்மனியில் உள்ள உறவினர் வீட்டுப் பெட்டியில் இட்டால் சிவப்பு விளக்குக் கண்சிமிட்டும். கேசட் உண்மையானது, விலை கொடுத்து வாங்கியது, அதே நிறுவனம் செய்தது. அது ‘வேற்று நாட்டுக் கேசட்’ என்பதே அதன் குற்றம்.

இதற்கு நிறுவனங்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று தொலைக்காட்சி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சித் திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்பட்டது. அதில் 525 வரிகள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் நொடிக்கு 50 முறை; 625 வரிகள். திரையின் துடிப்பையே காலக்கணக்காகக் கொண்ட விளையாட்டுகளை 50 துடிப்புப் பெட்டியில் அப்படியே இட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தோன்றும். சோனிக் என்னும் நீல முள்ளெலி 1991இல் ஓடத் தொடங்கியது. அதன் புகழே வேகம்தான். ஐரோப்பியச் சிறுவர்கள் கண்ட சோனிக்கோ சற்றே மெதுவாக ஓடியது. பாட்டும் இழுத்து இழுத்து ஒலித்தது. ஜப்பானியச் சிறுவன் 50 நிமிடத்தில் முடித்ததை அவர்கள் 60 நிமிடத்தில் முடித்தார்கள். மூல வேகத்தை அறியாதவர்கள் அதையே இயல்பு என்று எண்ணினார்கள்.

தொழில்நுட்பக் காரணம் இருந்தது உண்மையே. ஆனால் ஜப்பானும் அமெரிக்காவும் ஒரேவகைத் தொலைக்காட்சியைக் கொண்டவை. அவற்றுக்கிடையேயும் வேலி இருந்தது. விலை, வெளியீட்டு நாள், விற்பனை உரிமை ஆகியவற்றை நாட்டுக்கு நாடு வேறாக வைத்துக்கொள்வதே அவ்வேலியின் பயன். நின்டெண்டோவின் அடுத்த பெட்டியில் இந்த வேலி நகைப்புக்கிடமாக அமைந்தது. ஜப்பானியக் கேசட்டுக்கும் அமெரிக்கக் கேசட்டுக்கும் ஒரே சாவிச் சில்லு. வடிவம் மட்டும் வேறு. அமெரிக்கப் பெட்டியின் செருகிடத்தில் இரண்டு சிறிய நெகிழி முளைகள் ஜப்பானியக் கேசட்டைத் தடுத்தன. ஓர் இடுக்கியால் அவற்றை முறித்து எறிந்தால் ஜப்பானின் விளையாட்டுகள் எல்லாம் ஓடின. இரு நாட்டு வணிகத்துக்கு நடுவே நின்ற சுவரின் அளவு அவ்வளவுதான்.

இறக்குமதி ஆர்வலர்களின் கூர்மைக்கு இன்னொரு சான்று உண்டு. 1985இல் அமெரிக்காவில் அவசரமாக விற்பனை தொடங்கியபோது, ‘கைரோமைட்’ என்னும் விளையாட்டின் தொடக்கக் கேசட்டுகள் சிலவற்றில் ஜப்பானின் 60 முனைப் பலகையையே வைத்து, 72 முனைக்கு மாற்றும் இணைப்பி ஒன்றைச் சேர்த்து மூடியிருந்தார்கள். சாவிச் சில்லும் அவ்விணைப்பியிலேயே இருந்தது. இதை அறிந்தவர்கள் பழைய பொருள் கடைகளில் கைரோமைட் கேசட்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பார்கள். சற்றுக் கனமாக இருந்தால் வாங்கி, திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருக்கும் இணைப்பியை எடுத்துக்கொள்வார்கள். அதன்மேல் எந்த ஃபேமிகாம் கேசட்டையும் பொருத்தி அமெரிக்கப் பெட்டியில் ஆடலாம். நிறுவனமே தன் கையால் செய்த கள்ளச்சாவி!

இந்தியாவின் கதை வேறு. 1990களில் இங்கே கடைத்தெருக்களில் விற்ற ‘டி.வி. கேம்’ பெட்டிகளில் பெரும்பாலானவை பூட்டில்லா ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்டவை. பூட்டு இல்லாத மூலத்தைப் படியெடுப்பது எளிது. கேசட்டின் மேலே ‘9999 விளையாட்டுகள்’ என்று அச்சிட்டிருக்கும்; உள்ளே சில விளையாட்டுகளே பெயர் மாற்றி, நிறம் மாற்றி மீண்டும் மீண்டும் வரும். எண்ணிக்கையில் பொய் இருந்தாலும் மகிழ்ச்சியில் பொய் இல்லை. மாரியோவையும் கான்ட்ராவையும் இந்தியப் பிள்ளைகள் அறிந்தது பெரிதும் அவ்வழியேதான். கியோட்டோவுக்கு அதிலிருந்து ஒரு காசும் சென்றிராது.

1994 திசம்பரில் ஜப்பானில் சோனியின் பிளேஸ்டேஷன் வெளிவந்தது. கேசட்டின் இடத்தைக் குறுந்தகடு பிடித்தது. தகட்டுக்குள் சில்லு வைக்க முடியாது. அப்படியானால் பூட்டை எங்கே வைப்பது? சோனியின் பொறியாளர்கள் கண்ட விடை நுட்பமானது. குறுந்தகட்டில் தரவு, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுழன்று செல்லும் ஒரு நீண்ட தடத்தில் பதிகிறது. தகட்டின் தொடக்கப் பகுதியில் அத்தடம் மிக நுண்ணிய அளவில் இடமும் வலமும் அலையும்படி அவர்கள் அச்சிட்டார்கள். அந்த அலைவில் நான்கு எழுத்துகள் மறைந்திருந்தன. ஜப்பானுக்கு ஒரு சொல், அமெரிக்காவுக்கு ஒரு சொல், ஐரோப்பாவுக்கு ஒரு சொல். பெட்டி முதலில் தேடுவது அச்சொல்லையே.

கணினியில் தகட்டைப் படியெடுப்பவருக்குத் தரவு முழுவதும் கிடைக்கும். தடத்தின் அலைவு கிடைக்காது. வெற்றுத் தகட்டின் தடம் தொழிற்சாலையிலேயே அமைந்துவிட்டது. எழுதும் கருவியால் அதை மாற்ற இயலாது. பட்டுச் சேலையின் பூவேலையை அப்படியே வேறு துணியில் அச்சடிக்கலாம். நெசவை அச்சடிக்க முடியாது. அதுபோன்றதே இது. தகட்டின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்ததால் அக்கறுப்பே பூட்டு என்று பிள்ளைகள் பலர் நம்பினர். கறுப்பு வெறும் அழகுக்கானது.

இங்கேதான் சிக்கலின் மையம் இருக்கிறது. ‘இது உண்மையான தகடு’ என்று சொல்வதும் ‘இது இந்த நாட்டுத் தகடு’ என்று சொல்வதும் அந்த நான்கெழுத்துச் சொல் ஒன்றேதான். திருட்டைத் தடுக்கும் கதவுக்கும் எல்லையைக் காக்கும் கதவுக்கும் ஒரே பூட்டு.

1990களின் இறுதியில் தில்லியில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா விடுமுறையில் வரும்போது பிளேஸ்டேஷன் ஒன்றை வாங்கி வருகிறார். மறு ஆண்டு இலண்டனிலிருந்து வரும் மாமா, மருமகனுக்கென்று கார்ப் பந்தய விளையாட்டுத் தகடு ஒன்றைக் கொண்டுவருகிறார். சிங்கப்பூரில் விற்ற பெட்டி ஜப்பானிய வட்டாரத்தைச் சேர்ந்தது. இலண்டன் தகடு ஐரோப்பிய வட்டாரத்தைச் சேர்ந்தது. பெட்டி தகட்டை ஏற்க மறுக்கிறது. “கடையில புதுசாத்தான் வாங்கினேன், பில்லுகூட இருக்கு” என்கிறார் மாமா. பையன் தகட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறான். “மாமா, தகடு கெடலை, நம்ம பெட்டிக்கு இந்த ஊர்த் தகடு ஆகாதாம்” என்று அண்டைவீட்டு அண்ணன் சொன்னதை வந்து சொல்கிறான். மூன்று நாடுகளில் கிளைவிட்ட குடும்பம் அது. உலகத்தை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தவர்கள் அத்தகைய குடும்பங்களைக் கணக்கில் கொள்ளவில்லை.

தீர்வு அருகிலேயே கிடைத்தது. மின்னணுக் கடையில் பெட்டியைத் திறந்து, சிறுசில்லு ஒன்றைப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். அச்சில்லு செய்வது ஒன்றே: பெட்டி தேடும் நான்கெழுத்துச் சொல்லைத் தானே சொல்லிவிடும். அதன்பின் இலண்டன் தகடு ஓடும். ஆனால் அதே கணத்தில், படியெடுத்த போலித் தகடுகளும் ஓடும். மாமாவின் தகட்டை இயக்குவதற்காகச் சில்லு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அடுத்த வாரமே போலித் தகடுகளை மலிவாக அள்ளிவந்தவர்களும் உண்டு. பின்னவரின் எண்ணிக்கையே மிகுதி என்று கொள்வதில் பிழையில்லை. ஓராண்டு உழைத்து விளையாட்டைச் செய்தவருக்குப் போலித் தகட்டால் ஊதியம் இல்லை. இரண்டு பூட்டுகளைத் தனித்தனியே வைத்திருந்தால், எல்லைக் கதவை மட்டும் திறக்க விரும்பியவர் கள்ளச் சந்தைக் கதவையும் சேர்த்துத் திறக்க நேர்ந்திராது. பூட்டைச் செய்தவர்களின் சிக்கனம் இதில் அவர்களுக்கே வினையாயிற்று.

ஆஸ்திரேலியாவில் இவ்வினா நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை சென்றது. சிட்னியில் அத்தகைய சில்லுகளை விற்ற ஒருவர்மீது சோனி வழக்குத் தொடுத்தது. நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு ஆணையம், வெளிநாட்டில் முறையாக வாங்கிய தகட்டையும் இப்பூட்டுத் தடுக்கிறது என்று வழக்கின் தொடக்க நிலையிலேயே எடுத்துரைத்தது. 2005ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், பூட்டு படியெடுப்பதைத் தடுக்கவில்லை, படியெடுத்ததை இயக்குவதைத்தான் தடுக்கிறது. ஆகவே அன்றைய சட்டம் கூறும் ‘பாதுகாப்பு ஏற்பாடு’ இதுவன்று என்று முடிவு கூறியது. பின்னர் அந்நாட்டுச் சட்டமே திருத்தப்பட்டது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழிப் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. பூட்டை உடைப்பதற்கு இரண்டாண்டுவரை சிறையும் தண்டமும் உண்டு. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் அது குற்றம். ‘நோக்கத்தோடு’ என்னும் அச்சொல் சிறியதெனினும், இடுக்கியும் கையுமாக இருக்கும் ஆர்வலருக்கும் போலித் தகடு வணிகருக்கும் இடையே கோடு போடுவது அதுதான்.

பூட்டே இல்லாத இடத்திலும் எல்லை இருந்தது. சோனியின் கையடக்கக் கருவி பி.எஸ்.பி. 2004 திசம்பரில் ஜப்பானிலும் 2005 மார்ச்சில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. ஐரோப்பாவுக்குச் செப்டம்பர்வரை வரவில்லை. அதன் விளையாட்டுகளுக்கு வட்டாரப் பூட்டு இல்லை. ஆங்காங்கின் லிக்-சாங் என்னும் இணையக் கடை அதை ஐரோப்பியர்க்கு அஞ்சலில் அனுப்பி வைத்தது. சோனி பிரிட்டன் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றது. 2006 அக்டோபரில் லிக்-சாங் கடை மூடப்பட்டது. சில்லால் செய்ய வேண்டாததைச் சட்டம் செய்தது.

இவை அனைத்தினும் வலிய பூட்டு ஒன்று உண்டு. எந்தப் பொறியாளரும் அதைச் செய்யவில்லை. நின்டெண்டோவின் கேம்பாய் வகைக் கையடக்கக் கருவிகளில் வட்டாரப் பூட்டு கிடையாது. ‘மதர் 3’ என்னும் விளையாட்டு அக்கருவிக்காக 2006இல் ஜப்பானில் வெளிவந்தது. ஒரு சிற்றூரையும் ஒரு குடும்பத்தையும் பற்றிய கதை. எழுத்தாளர் ஷிகேசாட்டோ இடோயி எழுதியது. கேசட்டை எந்த நாட்டில் வாங்கிச் செருகினாலும் அது ஓடும். ஆனால் திரையில் தோன்றுவது முழுவதும் ஜப்பானிய எழுத்து. கதையே உயிரான விளையாட்டில் எழுத்து புரியாவிட்டால், கண்ணாடிக்கு அப்பால் இருந்து விருந்தைப் பார்ப்பது போன்றதே. ஆங்கிலத்தில் வெளியிடுமாறு ஆர்வலர்கள் விண்ணப்பித்தார்கள், நிறுவனம் வெளியிடவில்லை. ஆர்வலர் குழு ஒன்று தானே முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 2008 அக்டோபரில் வெளியிட்டது. அவர்கள் விளையாட்டை வழங்கவில்லை; மாற்றங்களை மட்டும் ஒரு சிறு கோப்பாக வழங்கினார்கள். ஒருவரும் அவர்களுக்கு ஊதியம் தரவில்லை.

அதற்கு முன்பே, இறக்குமதி விளையாட்டுக்காக ஜப்பானிய எழுத்தைக் கற்றவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். பழைய ஃபேமிகாம் அவர்களுக்கு ஒருவகையில் துணைபுரிந்தது. அதன் திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த இடம் 8க்கு 8 புள்ளிகள். சீன எழுத்துவடிவங்களை அதற்குள் அடைக்க முடியாது. ஆகவே பெரும்பாலும் எளிய ஒலியெழுத்துகளே பயன்பட்டன. தமிழின் ‘ணை’ என்னும் எழுத்தை எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் புள்ளியிட்டு எழுதிப் பாருங்கள். அந்த இடர்ப்பாடு விளங்கும். முதலில் ‘ஆம்’, ‘இல்லை’, ‘திற’, ‘பேசு’, ‘ஓடு’ என்னும் சொற்கள் பழகும். பிறகு கடைக்காரன் கேட்கும் விலை. பிறகு ஒரு கிழவி சொல்லும் எச்சரிக்கை. பள்ளிப் பாடத்தில் மூன்று மாதத்தில் வராத எழுத்து, அரக்கன் வாயிலில் நிற்கும்போது மூன்று இரவில் வந்துவிடும்.

2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியில் வட்டாரப் பூட்டு நீங்கியது. மும்பையில் உள்ள பெட்டியில் தோக்கியோவின் கேசட்டும் பாரிசின் கேசட்டும் ஓடும். தபால்தலையைவிடச் சற்றே பெரிய அக்கேசட்டின்மேல் கடுங்கசப்புப் பொருள் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. சிறு குழந்தைகள் வாயிலிட்டு விழுங்கிவிடாதிருக்க அந்த ஏற்பாடு. உலகெங்கும் வளர்ந்தவர்கள் பலர் அது உண்மையா என்று நக்கிப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

2025 சூன் மாதம் அதன் அடுத்த பெட்டி வெளிவந்தது. ஜப்பானில் அது இரு வகையாக விற்பனைக்கு வந்தது. வெளிவந்தபோது எல்லா மொழிகளையும் காட்டும் பெட்டியின் விலை 69,980 யென்னாக இருந்தது. மற்றொன்றின் விலை 49,980 யென்னாக இருந்தது. யென்னின் மதிப்பு இறங்கியிருந்த காலம் அது. ஜப்பானியர்க்கென மலிவாக விற்கும் பெட்டியை அயல்நாட்டார் மொத்தமாக வாங்கிச் செல்லாதிருக்க ஒரு தடை வேண்டியிருந்தது. இம்முறை தனிச்சில்லும் இல்லை, நெகிழி முளையும் இல்லை. மலிவான அந்தப் பெட்டியின் பட்டியல்களும் அமைப்புகளும் ஜப்பானிய மொழியில் மட்டுமே தோன்றும். ஜப்பானில் பதிந்த கணக்கை மட்டுமே அது ஏற்கும்.